யாசுகுனியில் ஒரு ரயில் என்ஜின்: போர்க்குற்றம் பற்றி ஜப்பான்காரர்கள் உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள்?

#1 யமனோத்தே லைன்

ஒன்பது வருடமாகத் தோக்கியோவில் இருக்கிறேன், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒரு வேலையைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் செய்தேன். போரில் இறந்த ஜப்பானியப் படைவீரர்களை வணங்கும் யாசுகுனி ஆலய வளாகத்துக்குள்ளேயே யூஷூகான் என்று ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக் கூடம். ஒரு பக்கம் சீரோ போர் விமானம், இன்னொரு பக்கம் கரேல் என்று மின்னும் ஒரு நீராவி என்ஜின். சி56 ரகம், 31ஆம் எண். எண்ணெய் போட்டுத் துடைத்து, பித்தளையெல்லாம் பளபள என்று, நம் ஊர் ஆயுதபூசை அன்றைக்கு வண்டியை வைத்திருப்போமே அந்த மாதிரி.

பக்கத்தில் இருந்த பலகையை நின்று படித்தேன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய ராணுவம் போட்ட தாய்லாந்து-பர்மா ரயில்பாதைத் திறப்பு விழாவில் ஓடிய என்ஜின், போருக்குப் பிறகும் தாய்லாந்தில் ஓடியது, 1977இல் ஓய்வு பெற்றது, அந்தப் பாதையோடு தொடர்புடைய பழைய படைவீரர்கள் பணம் திரட்டி 1979இல் தாயகம் கொண்டுவந்தார்கள். இதுதான் சாரம். பாதை போட்டவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. இரண்டு தடவை படித்தேன், என் ஜப்பானிய மொழி அரைகுறைதானே, விட்டிருப்பேனோ என்று. இல்லை.

பக்கத்தில் ஓர் அப்பா தன் பையனைத் தூக்கிச் சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், நான் படம் எடுக்க வழிவிட்டு ஒதுங்கி நின்றார். எனக்குக் கேள்வி இதுதான். இந்த மக்கள் பொய் சொல்கிறவர்களா? என் அனுபவத்தில் இல்லவே இல்லை, ரயிலில் விட்ட குடை மறுநாள் திரும்பி வரும் ஊர் இது. அப்புறம் எப்படி அந்தப் பலகை அப்படி இருக்கிறது?

#2 சும்மா இருப்பவன்

ஆரம்பிச்சாச்சா. மன்னிப்பு கேட்டாச்சே பாஸ். 1993இல் அமைச்சர் கோனோ, அப்புறம் பிரதமர்களே, 1995இல் முராயாமா, 2005இல் கொய்சுமி, 2010இல் கான். இன்னும் எத்தனை தடவை கேட்கவேண்டும்? பிரிட்டிஷ்காரன் 1943 வங்கப் பஞ்சத்துக்கு ஒரு தடவையாவது கேட்டானா?

#3 ரப்பர்பால்

நான் ஈப்போ. பாட்டியின் பெரிய அண்ணன் அந்தப் பாதைக்குப் போனவர்.

தோட்டத்தில் மூன்று மாதக் கூலி வேலை என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். எங்கள் வீட்டில் அதை மரண ரயில் என்றெல்லாம் சொல்லமாட்டார்கள், “சயாமுக்குப் போனார்” என்று மட்டும்தான். அவ்வளவுதான் வாக்கியம், திரும்பி வந்தாரா என்ற கேள்வியே கிடையாது. பாட்டி சாகும்வரை மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வருடம் அதையே தின்றது போதும் என்பார். ஜப்பான்காரன் அப்போது அடித்த வாழைமர நோட்டு ஒரு கட்டு தகரப்பெட்டியில் கிடந்தது, சின்ன வயதில் கடை விளையாட்டுக்கு எடுத்துக்கொள்வோம், திட்டமாட்டார்.

சும்மா இருப்பவன், நீங்கள் சொன்ன மன்னிப்பு எல்லாம் யாரிடம் கேட்டது? எங்கள் வீட்டு வாசலுக்கு ஒன்றும் வரவில்லை. 1967இல் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி கொடுத்துக் கணக்கை முடித்தார்கள், அது கப்பலாக வந்தது, இரண்டு சரக்குக் கப்பல். தோட்டத்தில் பால் வெட்டியவன் வீட்டுக்கு அதில் ஓர் ஆணிகூட வரவில்லை. அதற்கு ஜப்பானை மட்டும் குறை சொல்லமுடியாது என்பதும் தெரியும்.

#4 வாத்தியார் 1952

ரப்பர்பால் அம்மா, உங்கள் பதிவுக்குப் பிறகு எண்ணிக்கை பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தெரியாதவர்களுக்காக. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், அவர்களில் 12,000க்கு மேல் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் அளவில், இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. கூலிகளுக்கு எண்ணிக்கையே “இருக்கலாம்”தான்.

இன்னொரு விநோதம். 1944இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜப்பானிய ராணுவமே காஞ்சனபுரியில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் பல மொழிகளில் கல்வெட்டு, தமிழிலும் உண்டு. ஆக, செத்தவர்களில் தமிழன் இருந்தான் என்று அந்த ராணுவத்துக்கே தெரிந்திருந்தது. 1979இல் என்ஜினைக் கொண்டுவந்து தோக்கியோவில் நிறுத்தியபோதுதான் மறந்துபோனது.

#5 யமனோத்தே லைன்

வாத்தியார் ஐயா, தமிழ்க் கல்வெட்டு விஷயம் எனக்குப் புதிது. தூக்கிவாரிப் போட்டது.

#6 கடுங்காப்பி

நான் கியோத்தோவில் ஆராய்ச்சி மாணவி, இந்த விஷயத்தின் பக்கத்து ஊரில்தான் என் தலைப்பு. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர் மறுக்கிறார்கள் என்று ஒரே அடியாகச் சொல்வது தப்பு. மறுப்பவர்கள் உண்டு, சத்தமாகவும் பேசுகிறார்கள், கறுப்பு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். ஆனால் நான் பழகும் பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை. “போர் கொடுமையானது, திரும்ப வரக்கூடாது” என்று எல்லோரும் மனசாரச் சொல்வார்கள். கவனியுங்கள், போர்தான் அங்கே எழுவாய். புயல் வந்தது, பூகம்பம் வந்தது, போர் வந்தது. யார் கொண்டுவந்தது, எங்கே கொண்டுபோனது என்று அடுத்த கேள்விக்குப் பேச்சு நகராது.

ஆகஸ்ட் 15ஐ அவர்கள் தோல்வி நாள் என்று சொல்வதில்லை, “ஷூசென்”, போர் முடிந்த நாள். அன்றைக்கு வானொலியில் பேரரசர் படித்த உரையிலும் சரணடைகிறோம் என்ற சொல் கிடையாது, போர் நிலவரம் நமக்குச் சாதகமாகத்தான் திரும்பியது என்று சொல்லமுடியாது என்கிற மாதிரி ஒரு சுற்றல்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஹிரோஷிமா நினைவுச்சின்னத்தில் பொறித்திருக்கும் வாசகம். “யாசுராகா நி நெமுத்தெ குதாசாய், அயாமாச்சி வா குரிகாயேஷிமாசெனு காரா.” அமைதியாக உறங்குங்கள், தவறு மீண்டும் செய்ய… இங்கேதான் தமிழில் மாட்டிக்கொள்வோம். மாட்டேனா, மாட்டோமா, மாட்டார்களா? தமிழில் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், ஒளியமுடியாது. ஜப்பானிய வினையில் ஆளே இல்லை. குண்டு போட்ட அமெரிக்காவின் தவறா, போரைத் தொடங்கிய ஜப்பானின் தவறா, மனித குலத்தின் தவறா, வாசகம் சொல்லாது. மனித குலம் என்பது நகராட்சியின் விளக்கம். 1952இல் அங்கே போன நம்ம நீதிபதி ராதாபினோத் பால், குண்டு போட்டது ஜப்பானியர் இல்லையே, யார் தவறு இது என்று கோபப்பட்டார். எனக்கு அந்த வாசகம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாடே அந்த வாக்கியத்துக்குள் குடியிருக்கிறது என்று சில சமயம் தோன்றும்.

#7 சும்மா இருப்பவன்

பால் பெயரை எடுத்ததற்கு நன்றி. போருக்குப் பிறகு ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த தோக்கியோ தீர்ப்பாயத்தில் எல்லோரும் நிரபராதி என்று எழுதிய ஒரே நீதிபதி, இந்தியர். யாசுகுனியில் அவருக்கு நினைவுக்கல்லே வைத்திருக்கிறார்கள். 2007இல் பிரதமர் அபே கொல்கத்தாவுக்குப் போய் அவர் மகனைச் சந்தித்தார். ஜெயித்தவன் தோற்றவனை விசாரித்த நாடகம் அது என்று நம்ம ஆளே சொல்லியிருக்கிறாரே? நேதாஜிக்குத் தோள் கொடுத்தவனும் ஜப்பான்காரன்தான். இந்தியன் ஏன் இதில் சீனாக்காரன் பாட்டைப் பாடவேண்டும்?

#8 வாத்தியார் 1952

தம்பி, பால் எழுதியதில் பாதியைத்தான் அந்தக் கல் சொல்கிறது. அவர் ஒத்துக்கொள்ளாதது சட்டத்தை. “அமைதிக்கு எதிரான குற்றம்” என்று போருக்குப் பிறகு ஒரு குற்றத்தைப் பெயரிட்டு முன்தேதியிட்டுத் தண்டிக்கமுடியாது, கூட்டுச்சதி நிரூபிக்கப்படவில்லை, காலனி வைத்திருந்த நாடுகள் இன்னொருவனை ஆக்கிரமிப்பாளன் என்று தீர்ப்பளிப்பது வேடிக்கை. இதெல்லாம் அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் சீனாவின் நான்கிங்கிலும் மற்ற இடங்களிலும் ஜப்பானியப் படையினர் கொடுமைகள் செய்ததற்குச் சான்று மலைபோல் இருக்கிறது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதை யாரும் கல்லில் வெட்டமாட்டார்கள்.

அப்புறம் நேதாஜி. எங்கள் தாத்தா ஐ.என்.ஏ. உண்டியலில் மோதிரத்தைக் கழற்றிப் போட்டவர், என்னிடம் பேசவேண்டாம். மலாயாத் தோட்டத் தமிழர்கள், பெண்கள் உட்பட, அந்தப் படையில் சேர்ந்தது பெருமைதான். அதே தோட்டங்களிலிருந்துதான் சயாமுக்கும் ஏற்றினார்கள். 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி போர்ட் பிளேர் வந்தார், அடுத்த மாதமே, 1944 ஜனவரி 30, அதே அந்தமானில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்தவர்களையே உளவாளிகள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டார்கள், 44 பேர். இரண்டும் ஒரே வரலாறு. ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்கவேண்டியதில்லை.

#9 ரப்பர்பால்

வாத்தியார் ஐயா 🙏

#10 டீக்கடை பெஞ்ச்

ஜெர்மனி ஒழுங்காக மன்னிப்பு கேட்டது, ஜப்பான் கேட்கவில்லை. விஷயம் அவ்வளவுதானே? இதற்கு எதற்கு இத்தனை பக்கம்.

#11 கடுங்காப்பி

அவ்வளவு சுலபம் இல்லை பெஞ்ச் அண்ணே. ஜெர்மனியிலும் முதல் பதினைந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. ஜெர்மன் பிரதமர் பிராண்ட் வார்சாவில் முழந்தாளிட்டது 1970இல். ராணுவம் சுத்தம், நாஜிகள்தான் கெட்டவர்கள் என்ற கதை 1990கள்வரை ஓடியது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1963இல் பிராங்பர்ட்டில் ஆஷ்விட்ஸ் காவலர்களை ஜெர்மன் நீதிமன்றமே கூண்டில் ஏற்றியது. ஜப்பானோ, போர் முடிந்த கையோடு ராணுவ நீதிமன்றத்தில் நடத்திய ஒருசில வழக்குகளை விட்டால், தன் ஆட்களைப் போர்க்குற்றத்துக்காகத் தானே விசாரிக்கவில்லை. விசாரித்தவர்கள் அநேகமாக எல்லாம் வெளியாள். அதனால் தண்டனை என்பதே தோற்றதற்குக் கட்டிய வட்டி மாதிரி ஆகிவிட்டது.

மேலே இருந்தவர்களுக்கு வட்டியும் தள்ளுபடி. கிஷி நொபுசுகே ‘ஏ’ வகுப்புச் சந்தேகக் கைதியாக, அதாவது போரையே நடத்திய தலைவர்களில் ஒருவர் என்ற சந்தேகத்தில், சுகாமோ சிறையில் இருந்தார், வழக்கே இல்லாமல் 1948இல் விடுதலை, 1957இல் பிரதமர். கயா ஒகினோரிக்கு ஆயுள் தண்டனை, 1963இல் சட்ட அமைச்சர். சட்ட அமைச்சர்! பேரரசர் ஹிரோஹித்தோவை அமெரிக்காவே காப்பாற்றி வைத்தது, ஆட்சி நடத்த அவர் தேவைப்பட்டார். 1975இல் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் போர்ப் பொறுப்பு பற்றி ஹிரோஹித்தோவிடம் நேராகவே கேட்டுவிட்டார்கள். அந்த மாதிரிச் சொல் நயங்களைப் பற்றி, இலக்கியத் துறையில் நான் அதிகம் ஆராய்ந்ததில்லை, அதனால் எனக்குத் தெரியாது என்றார்.

பெரியவர் தலையிலேயே இல்லை என்றால் ஊரில் எவன் தலையில் வைப்பது? 1945 ஆகஸ்டிலேயே அப்போதைய பிரதமர் ஹிகாஷிகுனி “பத்துக் கோடி மக்களும் சேர்ந்து வருந்துவோம்” என்றார். எல்லோரும் குற்றவாளி என்றால் ஒருத்தனும் குற்றவாளி இல்லை என்றுதானே பொருள். ராணுவம் நம்மை ஏமாற்றிவிட்டது என்பது ஜனங்களின் பேச்சாக இருந்தது. 1946இலேயே இதாமி மன்சாகு என்ற திரைப்பட இயக்குநர் இதைப் பிடித்துக் கேட்டார்: எல்லோரும் ஏமாந்தோம் என்கிறீர்கள், ஏமாற்றினேன் என்று சொல்ல ஓர் ஆளைக் காணோமே?

#12 யமனோத்தே லைன்

கடுங்காப்பி சொல்லும் “போர் வந்தது” எனக்கு நேரிலேயே நடந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறப்போகும் ஒருவர், நான் பிள்ளை மாதிரி அவருக்கு. ஒருநாள் இசாகயா மதுக்கடையில் மூன்றாவது குவளைக்குப் பிறகு, தன் அப்பா பர்மாவில் இருந்தவர் என்றார். என்ன சொல்வார் உங்கள் அப்பா என்று கேட்டேன். பசி என்றார். பாம்பு, ஓணான், கடைசியில் இடுப்பு வாரை வேகவைத்தது. இரவில் தூக்கத்தில் கத்துவாராம். நான் கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு, அங்கே ஊர்க்காரர்கள் இருந்திருப்பார்களே, அவர்களைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அந்தக் கேள்வி அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை என்பதுதான் முகத்தில் தெரிந்தது. பிறகு, “சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை” என்றார். எழுபது வயதை நெருங்குகிற மனுஷன்.

#13 வாத்தியார் 1952

பசி கட்டுக்கதை இல்லை. இறந்த ஜப்பானியப் படையினர் சுமார் 23 லட்சம் பேரில் பாதிக்கு மேல் பசியாலும் சத்துக்குறைவு நோயாலும் போனார்கள் என்று புஜிவாரா அகிரா என்ற வரலாற்றாசிரியர் கணக்கிட்டிருக்கிறார். அவரே சீனாவில் படை அதிகாரியாக இருந்தவர். சோறு அனுப்பாமல் ஆளை மட்டும் அனுப்பிய ராணுவம் அது. ஊரிலோ 1945 மார்ச் 10 ஒரே இரவில் தோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கருகினார்கள். அப்புறம் இரண்டு அணுகுண்டு. இத்தனையும் பட்ட வீட்டில் போய் நீ மற்றவனுக்கு என்ன செய்தாய் என்று கேட்டால் உடனே ஏறாது. பாதிக்கப்பட்டவன் என்ற உணர்வு பொய் இல்லை, அது உண்மையாக இருப்பதுதான் சிக்கலே.

#14 சும்மா இருப்பவன்

சரி, ஒத்துக்கொள்கிறேன், பால் விஷயம் நான் முழுசாகப் படிக்கவில்லை. ஆனால் என் கேள்வி நிற்கிறது. 2015இல் அபே சொன்னது என்ன தப்பு? போரோடு சம்பந்தமே இல்லாத பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலாகாலத்துக்கும் மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும்படி விடக்கூடாது என்றார். மக்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் போருக்குப் பிறகு பிறந்தவர்கள். இருபது வயசுப் பையன் என்ன பண்ணுவான்?

#15 ரப்பர்பால்

இருபது வயசுப் பையனை யார் மன்னிப்பு கேட்கச் சொன்னது? எனக்கு அந்தப் பையனிடமிருந்து ஒன்றும் வேண்டாம். பலகையில் ஒரு வரி சேர்த்தால் போதும். “இந்தப் பாதை போட்டபோது இத்தனை ஆயிரம் பேர் இறந்தார்கள்.” மன்னிப்புகூட வேண்டாம், தகவல்.

அபே உரையில் அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்கள், தலைமுறை தாண்டியும் கடந்தகாலத்தை நேருக்கு நேர் பார்க்கவேண்டும் என்றும் அவரே சொன்னார். அதே ஆள் 2013 டிசம்பரில் யாசுகுனிக்குப் போனார். சொல் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

#16 கடுங்காப்பி

அக்கா சொன்ன அந்தச் “சொல் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்” என்பதுதான் 1995இலும் நடந்தது. முராயாமாவின் அறிக்கை தெளிவானது: தவறான தேசியக் கொள்கை, காலனி ஆட்சி, ஆக்கிரமிப்பு, ஆழ்ந்த வருத்தம், மனமார்ந்த மன்னிப்பு, எல்லாச் சொல்லும் இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு நாடாளுமன்றக் கீழவையில் போர் பற்றித் தீர்மானம் வந்தபோது உறுப்பினர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அவைக்கே வரவில்லை.

யாசுகுனி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அது வெறும் போர்வெறிக் கோயில் என்று நினைக்காதீர்கள். 1869இல் தொடங்கியது, 24 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன, மகனை இழந்த தாய்மார்கள் போய் அழுத இடம். 1978இல் தலைமைக் குருவாக இருந்தவர் ‘ஏ’ வகுப்புக் குற்றவாளிகள் 14 பேரின் பெயரைச் சத்தமில்லாமல் சேர்த்தார், விஷயம் வெளியே வந்தது மறுவருடம். ஹிரோஹித்தோ கடைசியாக அங்கே போனது 1975. பெயர் சேர்த்தது பிடிக்காமல்தான் நிறுத்தினார் என்று அரண்மனை அதிகாரி ஒருவரின் குறிப்பு 2006இல் வெளியானது. அவருக்குப் பின் வந்த அகிஹித்தோ பேரரசராக ஒருமுறைகூடப் போகவில்லை. ஆக, பேரரசருக்காகச் செத்தவர்களின் கோயிலுக்குப் பேரரசர் வருவதில்லை, பிரதமர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். அங்கே கொரியர்கள் 21,000 பேர், தைவானியர் 28,000 பேர் பெயரும் இருக்கிறது, குடும்பத்தைக் கேட்காமலே சேர்த்தது. எடுத்துவிடுங்கள் என்று வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள்.

#17 டீக்கடை பெஞ்ச்

அப்படியென்றால் அந்த ஊரில் ஒருத்தன்கூட “நான் செய்தேன்” என்று சொன்னதில்லையா?

#18 கடுங்காப்பி

சொன்னார்கள். அதுதான் வெளியே அதிகம் தெரியாத கதை.

ஜப்பானியப் போர்க்கைதிகள் ஆயிரம் பேருக்கு மேல் சீனாவில் புஷுன், தையுவான் சிறைகளில் இருந்தார்கள். அடி உதை இல்லை, நல்ல சாப்பாடு, செய்ததை எழுது என்று வருடக்கணக்கில் உட்கார வைத்தார்கள். 1956இல் 45 பேர் மீது மட்டும் வழக்கு, ஒருவருக்கும் தூக்கு இல்லை, மற்றவர்களை அப்படியே கப்பலேற்றிவிட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் ஒரு சங்கம் அமைத்து, கொன்றேன், எரித்தேன், கெடுத்தேன் என்று பெயர், ஊர், தேதியோடு மேடையில் சொன்னார்கள். 2002இல் வயதாகிக் கலைக்கும்வரை சொன்னார்கள். சொந்த ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள். வேலை கிடைக்கவில்லை, போலீஸ் பின்னால் வந்தது.

அவர்களில் யுவாசா கென் என்று ஒரு மருத்துவர். 1942இல் ஷான்சி மாகாணத்தில் ராணுவ மருத்துவமனை. அறுவைசிகிச்சைப் பயிற்சிக்காக உயிரோடு இருக்கும் சீனர்களை மேசையில் படுக்கவைத்து அறுத்தவர், சொன்னது அவரே. சிறையில் இருந்தபோது, தன் கையால் செத்த ஒருவரின் தாய் எழுதிய கடிதத்தைக் காட்டினார்களாம். அதுவரை மேசையில் கிடந்ததற்கு ஒரு தாய் இருப்பாள் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. 1956இல் திரும்பி வந்தபோது பழைய சகாக்கள் வரவேற்பு கொடுத்தார்கள். அங்கே அவரைக் கேட்டார்களாம், “உங்களைப் போய் ஏன் போர்க்குற்றவாளி என்று பிடித்து வைத்தார்கள்?” கேட்டவர்கள் அதே அறையில் அதே வேலையைச் செய்தவர்கள். நடிப்பு இல்லை. மறந்தேபோய்விட்டார்கள். யுவாசா 2010இல் இறக்கும்வரை பள்ளி, மன்றம் என்று போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

கிருமி ஆயுதத்துக்காக உயிரோடு இருந்த மனிதர்கள் மேல் சோதனை நடத்திய 731ஆம் படைப்பிரிவின் தலைவர் இஷிய் ஷிரோ? ஆராய்ச்சித் தரவுகளைக் கொடுத்து அமெரிக்காவிடம் தப்பித்தார். தண்டனை இல்லாமலே செத்தார்.

#19 வாத்தியார் 1952

இந்த வரிசையில் இரண்டு பேரைச் சேர்க்கிறேன்.

இயெனாகா சபுரோ, வரலாற்றுப் பேராசிரியர். தன் பாடநூலைக் கல்வி அமைச்சு வெட்டியது என்று 1965இல் வழக்குப் போட்டார், ஒன்று போய் மூன்று வழக்காகி 32 வருடம் நடந்தது. 1997இல் உச்ச நீதிமன்றம், 731 பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்றது. மற்ற பலவற்றில் அவர் தோற்றார் என்பதையும் சொல்லவேண்டும். பிற்பாடு 2001இல் வலதுசாரிக் குழு ஒன்று “பெருமைப்படத்தக்க” வரலாற்றுப் பாடநூல் கொண்டுவந்தது, சீனாவும் கொரியாவும் கொதித்தன. ஆனால் அதை எடுத்துக்கொண்ட பள்ளிகள் 0.039 சதவீதம். பெற்றோரும் ஆசிரியரும் ஊர் ஊராக எதிர்த்ததால். அந்தப் பெற்றோர்களும் ஜப்பானியர்தான் என்பதை யாரும் தலைப்புச் செய்தியாக்கவில்லை.

மற்றவர் மோட்டோஷிமா ஹிதோஷி, நாகசாகி மேயர். பழமைவாதக் கட்சி ஆதரவில் ஜெயித்தவர், கத்தோலிக்கர், ராணுவத்தில் இருந்தவர். 1988இல் ஹிரோஹித்தோ மரணப் படுக்கையில் இருக்கும்போது நகர்மன்றத்தில், பேரரசருக்குப் போர்ப் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன் என்றார். வாபஸ் வாங்கு என்றார்கள், மாட்டேன் என்றார். 1990 ஜனவரியில் ஒருவன் முதுகில் சுட்டான். பிழைத்து, அடுத்த வருடத் தேர்தலிலும் ஜெயித்தார்.

#20 யமனோத்தே லைன்

முதுகில் சுட்ட பிறகும் ஜெயித்தாரா! நாகசாகி ஓட்டுப் போட்டிருக்கிறதே, அதுவும் ஜப்பானியர் மனப்பான்மைதானே.

என் பெண் நான்காவது படிக்கிறாள், விளையாட்டு விழா முடிந்ததும் வகுப்பில் “ஹன்செய்-காய்” என்று ஒன்று வைப்பார்கள். எதில் சறுக்கினோம், அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து சொல்லவேண்டும். இதே ஹன்செய் என்ற சொல்லைத்தான் அகிஹித்தோ 2015 ஆகஸ்ட் 15 நினைவு உரையில் போர் பற்றிச் சொன்னார். பிரதமர்கள் அந்த நாளில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள், 2025இல் அப்போதைய பிரதமர் இஷிபா சொன்னபோது 13 வருடத்துக்குப் பிறகு என்று செய்தி போட்டார்கள். ரிலே ஓட்டத்தில் குச்சியைக் கீழே போட்டதற்கு வருடா வருடம் எழுந்து நிற்கிற ஊரில் இதற்குப் பதின்மூன்று வருடம்.

#21 சும்மா இருப்பவன்

நான் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்றாலும் படிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஒரு சந்தேகம். ஜப்பானுக்குள்ளேயே பட்டவர்கள் இல்லையா? அவர்கள் என்ன சொல்கிறார்கள்?

#22 கடுங்காப்பி

ஒகினாவா. நல்ல கேள்வி. 1945இல் அங்கே குடிமக்களில் நாலில் ஒருவர் செத்தார்கள். அமெரிக்கர் கையில் சிக்காதே, செத்துப்போ என்று கையெறிகுண்டு கொடுத்தது ஜப்பானிய ராணுவமே. குகைக்குள் குடும்பம் குடும்பமாக. 2007இல் பாடநூல்களில் அதற்கு ராணுவம் கட்டாயப்படுத்தியது என்பதை நீக்கச் சொன்னது கல்வி அமைச்சு. செப்டம்பர் 29 அன்று கினோவானில் திரண்டவர்கள் 1,10,000 பேர் என்றார்கள் அமைப்பாளர்கள். பாட்டிமார்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். கொஞ்சம் இறங்கி வந்தது அமைச்சு, முழுசாக இல்லை.

இன்னொரு கூட்டம் கொரியர்கள். மரண ரயில் முகாம்களில் கைதிகளைக் காவல் காத்தவர்களில் பலர் கொரியர், காலனியிலிருந்து கொண்டுபோனவர்கள். போருக்குப் பிறகு ஜப்பானியராகக் கணக்கிட்டு 148 கொரியர்களைத் தண்டித்தார்கள், 23 பேருக்குத் தூக்கு. 1952இல் ஜப்பான் அவர்கள் குடியுரிமையைப் பறித்தது, ஓய்வூதியம் கேட்டபோது நீ அயல்நாட்டான் என்றது. தண்டனைக்கு ஜப்பானியன், பணத்துக்குக் கொரியன். ஹிரோஷிமாவிலும் அதே கதை. குண்டில் செத்த கொரியர்களுக்கு 1970இல் எழுப்பிய நினைவுக்கல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் இருந்தது, உள்ளே வந்தது 1999இல்.

#23 ரப்பர்பால்

இத்தனை படித்த பிறகு நானும் ஒரு ஜப்பான்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. நகாசே தகாஷி. காஞ்சனபுரியில் ராணுவப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளர், கைதிகளைச் சித்திரவதை செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளை மொழிபெயர்த்தவர். போர் முடிந்ததும் கல்லறை தேடும் நேசநாட்டுக் குழுவோடு அந்தப் பாதை முழுக்கப் போனார். பிறகு சொந்தச் செலவில் நூறு தடவைக்கு மேல் தாய்லாந்து போயிருக்கிறார், ஆற்றோரம் ஒரு கோயில் கட்டினார், 1993இல் தன் எதிரில் அடிபட்ட பிரிட்டிஷ் கைதியைப் பாலத்தருகே சந்தித்தார். 2011இல் இறந்தார்.

போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காஞ்சனபுரி போனேன். நகாசே சிலை இருக்கிறது. அம்மா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நல்ல மனுஷன் போல என்றார். அப்புறம், “இவன் கும்பிட்டது வெள்ளைக்காரனைத்தானே, மாமாவை யார் தேடினாங்க” என்றார். தேடியிருக்கலாம் அம்மா, நமக்குத் தெரியவில்லை என்றேன். பதில் சொல்லவில்லை, வண்டியில் ஏறிவிட்டார்.

#24 டீக்கடை பெஞ்ச்

…

#25 யமனோத்தே லைன்

ஒரு கொசுறுத் தகவல். என் என்ஜினோடு அதே கூட்டத்தில் தாய்லாந்துக்குப் போன சி56 44ஆம் எண் என்ஜினும் 1979இல் திரும்பி வந்தது. அது இப்போது ஷிசுவோகா பக்கம் ஒரு மலை ரயில் கம்பெனியில். சில வருடம் முன்பு சிவப்புச் சாயம் அடித்து, முன்னால் சிரிக்கிற முகம் ஒட்டி, கார்ட்டூன் ரயிலாக்கிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். என் பெண்ணையும் ஏற்றினேன், அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கைதட்டினாள்.

#26 ரப்பர்பால்

யமனோத்தே தம்பி, அடுத்த மாதம் ஒசாகாவில் வேலை விஷயமாக வருகிறேன், ஒருநாள் தோக்கியோவுக்கு ஒதுக்கலாம். அந்த என்ஜினைப் பார்க்க டிக்கெட் வாங்கவேண்டுமா? அவர்களுக்குக் காசு கொடுக்க எனக்கு இஷ்டம் இல்லை.

#27 யமனோத்தே லைன்

வேண்டாம் அக்கா. என்ஜின் இருப்பது முகப்புக் கூடத்தில், அதுவரை இலவசம், படமும் எடுக்கலாம். குதான்ஷிதா நிலையத்தில் இறங்கி 1ஆம் வாசல் வழியாக மேலே ஏறுங்கள், பெரிய தோரணவாசல் தெரியும். தேதி சொல்லுங்கள், வாசலில் நிற்கிறேன். பலகையை நான் வரிக்கு வரி படித்துச் சொல்கிறேன், என் பெண்ணும் வருவாள், எனக்குத் தட்டினால் அவள் படிப்பாள்.